குடும்ப ஓய்வூதியமும் குடும்ப வழக்கும்



தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றி வந்த நம்மவர் ஒருவரை நினைத்துக் கொள்வோம். 2001-ஆம் ஆண்டில் வேலையில் சேர்ந்தார். 2004-இல் ஊருக்குச் சென்று மணம் முடித்துக்கொண்டு மனைவியுடன் திரும்பினார். ஒரு பெண், ஒரு பையன். ஓய்வு பெறுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் எஞ்சியிருக்கையில், 2025-இல் ஒரு நாள் காலை அலுவலகம் சென்றவர் மாரடைப்பால் அங்கேயே சாய்ந்துவிடுகிறார். ஊரிலிருந்து வயது முதிர்ந்த தாயும் தமையனும் இரண்டு நாள் ரயிலில் வந்து சேர்கின்றனர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பரண்மீதிருந்த தகரப் பெட்டி கீழே இறக்கப்படுகிறது. சம்பளச் சீட்டுகள், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றுக்கு இடையில் மடித்து வைத்த தாள் ஒன்று கிடைக்கிறது. அது பணியில் சேர்ந்த புதிதில் எழுதிக் கொடுத்த நியமனப் படிவத்தின் நகல். நாமினி என்னும் இடத்தில் தாயின் பெயர்தான் இருக்கிறது. மனைவியின் பெயர் எங்கும் இல்லை.

தமையன் அத்தாளை உரக்கப் படிக்கிறார். அன்று வரை ஒரே பாயில் அமர்ந்து ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுத மாமியாரும் மருமகளும் அன்று மாலை முதல் வெவ்வேறு அறைகளில் உட்காருகின்றனர்.

இக்குடும்பம் நாம் கற்பித்துக்கொண்டதேயாம். ஆயினும் வெளி மாநிலங்களில் வாழும் நம்மவரிடையே இத்தகைய பெட்டி திறக்கப்படாத தெரு மிகச் சிலவே இருக்கும். இக்குடும்பத்தையே துணையாகக் கொண்டு, பணியில் இருக்கும்போதே இறந்த அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம் யாருக்குச் சேரும், வழக்கு எங்கே பிறக்கிறது, எங்கே தீரும் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். நாம் கூறுவன பெரும்பாலும் மத்திய அரசு ஊழியருக்கான விதிகள். ரயில்வேக்குத் தனி விதிகள் உண்டு. மாநில அரசுகளுக்கும் தத்தமக்கென விதிகள் உண்டு. அடிப்படைக் கருத்து பெரும்பாலும் ஒன்றாயினும், தொகையும் காலவரையும் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நம் பாட்டன்மார் பென்ஷனை 'உபகாரச் சம்பளம்' என்றே வழங்கினர். அழகான சொல்தான், ஆனால் உபகாரம் என்றால் கொடுப்பவர் மனம் வைத்தால் கொடுப்பது, இல்லையேல் விடுவது என்று பொருளாகிவிடுகிறது. 1971-ஆம் ஆண்டில் தேவகிநந்தன் பிரசாத் என்பவருக்கும் பீகார் அரசுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில், ஓய்வூதியம் அரசு விரும்பி ஈயும் கொடையன்று, விதிகளின்படி ஊழியருக்கு உரிய உடைமையாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றும் நம் வீட்டுப் பெண்கள் பலர் அலுவலகத்து வாயிலில் கைகட்டி நிற்பதைக் காணும்போது, பழைய சொல் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லையோ என்று தோன்றுகிறது.

இறந்த ஊழியரின் மனைவிக்கு மாதந்தோறும் பணம் கிடைக்கும் இன்றைய முறை 1964-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்த திட்டத்தில் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டுமே குடும்பத்துக்குப் பணம் கிடைத்து வந்தது. 1964-ஆம் ஆண்டுத் திட்டத்திலும் ஊழியர் தம் பணிக்கொடையில் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1977 செப்டம்பரில் அவ்விதி நீக்கப்பட்டது. 1964-க்கு முந்தியவர்களின் விதவையருக்கும் இப்பயன் கிடைத்தல் வேண்டும் என்று சில பெண்கள் தொடுத்த வழக்கின் பயனாக, 1985-இல் அவர்களுக்கும் வழி பிறந்தது. ஆக, இன்று கைம்பெண் ஒருவர் வங்கியில் பெறும் தொகைக்குப் பின்னால், முகம் அறியாத பிற கைம்பெண்கள் நீதிமன்றப் படி ஏறிய வரலாறு இருக்கிறது.

இனி நம் தில்லிக் குடும்பத்துக்கு வருவோம். அவர் கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000 ரூபாய் என்று கொள்வோம். பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு, இறந்த நாளின் மறுநாள் தொடங்கிப் 10 ஆண்டுகளுக்கு, கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். அதாவது மாதம் 25,000 ரூபாய். அதன் பின்னர் 100-க்கு 30 விழுக்காடு, அதாவது 15,000 ரூபாய். இவற்றோடு அவ்வப்போது அறிவிக்கப்படும் அகவிலை நிவாரணமும் சேரும். 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி மிகக் குறைந்த குடும்ப ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய். முன்னர் 7 ஆண்டுகள் தொடர்ந்து பணி செய்தவரின் குடும்பத்துக்கே அந்த உயர்ந்த விகிதம் கிடைத்தது. 2019 அக்டோபர் முதல் அந்த வரம்பும் எடுக்கப்பட்டது. எனவே வேலையில் சேர்ந்து ஓரிரு ஆண்டில் இறந்த இளைஞரின் மனைவிக்கும் இப்போது 10 ஆண்டுகள் பாதிச் சம்பளம் உண்டு. இது பலருக்குத் தெரியாது.

அடுத்தது பணிக்கொடை. நம்மவர் 24 ஆண்டுகள் பணி செய்தார். 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் பணி செய்தவருக்கு, முடிந்த ஒவ்வோர் ஆறு மாதத்துக்கும் அரை மாத ஊதியம் என்பது கணக்கு; மொத்தம் 33 மாத ஊதியத்துக்கு மேற்படாது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 75,000 ரூபாய் என்று கொண்டால், 24 மாத ஊதியமாகிய 18,00,000 ரூபாய் வரும். 2024 ஜனவரி முதல் இதன் உச்ச வரம்பு 25,00,000 ரூபாய். இவ்விரண்டும் போக வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீடு, எஞ்சிய விடுப்புக்கான சம்பளம் ஆகியனவும் உண்டு.

வழக்கு பிறக்குமிடம் இதுவே. ஒரே மனிதர் உழைத்த பணம் என்பதால் எல்லாம் ஒரே குவியல் என்று குடும்பத்தார் எண்ணிவிடுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. ஒவ்வொரு தொகைக்கும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது.

குடும்ப ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்வோம். அது இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து அன்று. அவர் உயிரோடு இருக்கும் வரை அப்படி ஒரு தொகை பிறக்கவே இல்லை. அவர் மறைந்த பின்னரே, விதியில் கூறப்பட்டவர்க்கு நேராக உண்டாகிறது. ஆகவே அதனை உயில் எழுதி ஒருவருக்குக் கொடுக்கவும் இயலாது. நாமினி போட்டு மாற்றவும் இயலாது. 1991-இல், ரயில்வே ஊழியர் ஒருவரின் மனைவி வயலட் ஐசக் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிட்டது. இறந்த கணவர் தம் சகோதரருக்கு உயில் எழுதி வைத்திருந்தார் என்பது எதிர்த் தரப்பின் வாதம். குடும்ப ஓய்வூதியத்தைப் பொறுத்தவரை அந்த உயில் செல்லாது என்றது நீதிமன்றம். ஆதலின் தில்லியில் திறந்த பெட்டியிலிருந்த நாமினித் தாளுக்கும் மாதாமாதம் வரும் 25,000 ரூபாய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது மனைவிக்கே உரியது. மனைவி தாமும் வேலை பார்ப்பவராக இருந்தாலும் சரி, அதனால் அத்தொகை நிற்பதில்லை.

மனைவி மறைந்தாலோ மறுமணம் செய்துகொண்டாலோ, பிறந்த வரிசைப்படி பிள்ளைகளுக்குச் செல்லும். மகனுக்கு 25 வயது வரை. மகளுக்கு மணமாகும் வரை அல்லது தம் வருவாயில் வாழத் தொடங்கும் வரை. உடலாலோ மனத்தாலோ பிழைக்க இயலாத குறையுடைய பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் உண்டு. பிள்ளை இல்லாத கைம்பெண் மறுமணம் செய்துகொண்டாலும், அவருடைய பிற வருவாய் விதியில் கூறிய அளவைத் தாண்டாதிருப்பின், ஓய்வூதியம் தொடரும். இது 2006 முதல் வந்த நல்ல மாற்றம். இளம் வயதில் கணவனை இழந்த பெண்ணை ஓய்வூதியத்தைக் காட்டி அச்சுறுத்தும் உறவினர் இதனை அறிந்திருத்தல் நலம்.

பெற்றோருக்கு எப்போது கிடைக்கும்? மனைவியோ கணவனோ இல்லாமலும், தகுதியுடைய பிள்ளை இல்லாமலும் ஊழியர் இறந்தால், அவரை நம்பி வாழ்ந்த பெற்றோருக்குக் கிடைக்கும். முதலில் தாய்க்கு, அவருக்குப் பின் தந்தைக்கு. நம் தில்லிக் குடும்பத்தில் மனைவியும் இரு பிள்ளைகளும் இருப்பதால் தாய்க்கு இவ்வழி திறக்கவில்லை.

அப்படியாயின் மகன் அனுப்பிய பணத்தில் உண்டு வந்த அந்த முதியவளுக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு, அது வேறு கதவு. வருங்கால வைப்பு நிதியில் சேர்ந்திருப்பது இறந்தவரின் சொத்து. அலுவலகம் அதனை நாமினியின் கையில் கொடுக்கலாம். ஆனால் கையில் வாங்குவது வேறு, அனுபவிக்கும் உரிமை வேறு. வங்கி ஊழியர் ஒருவர் மணத்துக்கு முன் தம் தாயை நாமினியாகப் போட்டுவிட்டு, மணமான பின் அதனை மாற்றாமலே இறந்தார். மனைவிக்கும் மாமியாருக்கும் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009-இல் வந்த தீர்ப்பு, நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, பெற்றதை வாரிசுச் சட்டப்படி உரியவருக்குப் பங்கிட வேண்டும் என்றது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவியும் மக்களும் தாயும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். உயில் இல்லாத நிலையில் நம் குடும்பத்தில் தாய், மனைவி, மகள், மகன் ஆகிய நால்வருக்கும் ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. தமையனுக்குப் பங்கு இல்லை. தாய்க்குத் தனியே பராமரிப்புத் தேவைப்படின், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, உயிரோடு இருக்கும் மூத்த மகனிடம் கேட்கலாம். தாளை உரக்கப் படித்தவர் அந்தச் சட்டத்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்பது தகும்.

ஆயுள் காப்பீட்டில் கதை மறுபடியும் மாறுகிறது. முன்பு அங்கும் நாமினி வெறும் கையாகவே கருதப்பட்டார். 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின், பெற்றோர், மனைவி அல்லது கணவன், மக்கள் ஆகியோரில் ஒருவர் நாமினியாக இருந்தால் அவரே பயனுக்கும் உரியவர் என்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. விடுப்புச் சம்பளமோ நாமினியைப் பார்ப்பதில்லை. விதியில் கண்ட வரிசைப்படி கைம்பெண்ணுக்கே முதலிடம். பணிக்கொடைக்கு நாமினி உண்டு. எனினும் மணத்துக்கு முன் எழுதிய நியமனங்களுள் சில, பின்னர் குடும்பம் ஏற்பட்டதும் செல்லாதனவாகிவிடும். செல்லத்தக்க நியமனம் இல்லையேல் மனைவிக்கும் மகன்களுக்கும் மணமாகாத மகள்களுக்கும் சமமாகப் பிரியும். ஆகவே ஒவ்வொரு தாளையும் தனித்தனியே அலுவலகத்தில் காட்டி, இது எதற்கு எழுதியது, இன்று செல்லுமா என்று கேட்டல் வேண்டும். மணமான மறுவாரமே படிவத்தை மாற்றி எழுதியிருந்தால் இந்தப் பத்தியே தேவைப்பட்டிராது.

இனி, இதைவிடக் கசப்பான வழக்கு ஒன்று உண்டு. ஊரில் ஒரு மனைவி. வேலை பார்க்கும் இடத்தில் ஒரு மனைவி. நம்மவர் தொலைதூரம் வந்து தனித்து வாழ்ந்த காலங்களில் இவ்வாறு நேர்ந்தது உண்டு என்பதை மறைத்துப் பயனில்லை. நம் மாநிலத்தில் 1949-ஆம் ஆண்டிலேயே சென்னைச் சட்டம் ஒன்று இந்துக்களிடையே இருதார மணத்தைத் தடுத்தது. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் அதனை விதியாக்கியது. முதல் மனைவி உயிரோடு இருக்க, மணமுறிவு பெறாமல் செய்த இரண்டாம் மணம் செல்லாது. அரசு ஊழியருக்கு அது நடத்தை விதியை மீறிய குற்றமும் ஆகும்.

2000-ஆம் ஆண்டில் ராமேஸ்வரி தேவி என்பவருக்கும் பீகார் அரசுக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை ஆராய்ந்தது. பணியில் இருந்தபோது இறந்தவருக்கு இரு மனைவியர், இருவருக்கும் பிள்ளைகள். இரண்டாம் மனைவிக்கு ஓய்வூதியத்தில் உரிமை இல்லை, ஆனால் அவர் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படி உரிமை உடையவர்களே, வயது வரும் வரை அவர்களுக்குப் பங்கு உண்டு என்பது தீர்ப்பு. திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அப்பிள்ளைகளைக் காக்கிறது. பெற்றோர் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்யும் என்று நம் ஊர்க் கிழவிகள் கேட்பதைத்தான் சட்டமும் கேட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. இருபது ஆண்டு சமைத்துப் போட்டுக் கடைசி நாளில் மருத்துவமனையில் உடன் இருந்தவள் வெறுங்கையோடு நிற்பதும், இருபது ஆண்டு முகம் காணாத மனைவி ஊரிலிருந்து வந்து கையொப்பமிடுவதும் காண்பதற்கு எளிதல்ல. ஆனால் அந்த முதல் மனைவியின் இருபது ஆண்டுகளையும் யாரோ எண்ணத்தானே வேண்டும்?

இவ்விடத்தில் நம்மவர் பெரிதும் நம்பி ஏமாறும் தாள் ஒன்றைக் கூறுதல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்ட விடுதலைப் பத்திரமே அது. "பத்திரம் எழுதித் தீர்த்துவிட்டோம்" என்று கூறி, இரண்டாம் மணம் செய்துகொள்கின்றனர். திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, வழக்கத்தால் வந்த மணமுறிவைப் பாதுகாக்கிறது என்பது மெய்யே. ஆனால் அந்தச் சமூகத்தில் அத்தகைய வழக்கம் நெடுங்காலமாக உண்டு என்பதைச் சாட்சியோடு நிறுவும் பொறுப்பு, அதனைக் கூறுபவர் தலைமீது விழுகிறது. கணவர் இறந்த பின், நான்கு மாநிலங்களுக்கு அப்பால், சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர்களும் மறைந்துவிட்ட நிலையில் அதனை நிறுவுதல் எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போதே நீதிமன்றத்தில் மணமுறிவு பெறுவது ஒன்றே உறுதியான வழி.

தமக்குரிய சமயச் சட்டப்படி ஒருவருக்கு மேற்பட்ட மனைவியர் செல்லத்தக்கவராயின், கைம்பெண்கள் ஓய்வூதியத்தைச் சமமாகப் பகிர்ந்துகொள்வர். கணவனும் மனைவியும் பிரிந்து வாழ்ந்தனர் என்பதனால் மட்டும் உரிமை போய்விடுவதில்லை என்றும் 1999-இல் ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று. கணவர் இறந்த பின் கைம்பெண் தத்தெடுத்த பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. பெண் ஊழியர்களைப் பற்றி 2024 ஜனவரியில் ஒரு புதிய ஆணை வந்தது: கணவர்மீது மணமுறிவு வழக்கோ, குடும்ப வன்முறை அல்லது வரதட்சிணைப் புகாரோ நிலுவையில் இருப்பின், கணவருக்கு முன்பாகப் பிள்ளைகளுக்கே ஓய்வூதியம் சேரும்படி அப்பெண் எழுதிக் கொடுக்கலாம்.

இவ்வளவும் உரிமையைப் பற்றியவை. உரிமை தெளிவாக இருந்தும் தாள்களில் சிக்கி ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் தொகையோ மிகுதி. அதிலும் வெளி மாநிலத்துத் தமிழர்க்கே உரிய சில சிக்கல்கள் உண்டு.

நம் பெயர்தான் முதல் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பணிப்பதிவேட்டில் எஸ். முருகன், ஆதார் அட்டையில் முருகன் சுப்பிரமணியன், வங்கியில் சுப்பிரமணியன் முருகன். மனைவியின் பெயரோ ஊரில் ஒரு விதம். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழில், அங்குள்ள எழுத்தர் தம் வழக்கப்படி ஒரு 'தேவி'யைச் சேர்த்து எழுதிய விதம். கணவர் உயிரோடு இருக்கும் வரை இது சிரிப்புக்கு உரியது. இறந்த மறுநாள் மூன்று பெயரும் ஒருவருடையதே என்று உறுதிமொழிப் பத்திரம் தேட வேண்டியதாகிறது. பணிப்பதிவேட்டில் உள்ள பெயரை அளவாகக் கொண்டு மற்றவற்றை இப்போதே திருத்திவிடுதல் நலம்.

திருமணச் சான்று அடுத்தது. கோயிலிலோ வீட்டு வாயிலிலோ பந்தலிட்டு நடந்த மணம், பதிவு செய்யவில்லை. கையில் இருப்பது தமிழில் அச்சிட்ட அழைப்பிதழ் ஒன்றே. புரோகிதரும் தீவலமும் இல்லாமல் மாலை மாற்றி நடந்த சீர்திருத்தத் திருமணமாயின், வடமாநில அலுவலர் சிலர், 'ஏழு அடி வைத்தீர்களா?' என்று கேட்பர். அவர்க்குக் கூற வேண்டிய விடை இது: அண்ணா முதலமைச்சராக இருந்த காலத்தில், 1967-இல் தமிழகச் சட்டமன்றம் இயற்றிய திருத்தத்தின்படி இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வாறு நடந்த மணங்கள், திருத்தத்துக்கு முன் நடந்தனவும் கூட, சட்டப்படி செல்லும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடைபெறும் திருமணங்கள் அனைத்தையும் பதிவு செய்தல் கட்டாயம். பதிவுச் சான்றைக் காட்டிவிட்டால் யாரும் அடியை எண்ண வரமாட்டார்.

இறப்புச் சான்றிதழில் நேரும் பிழை வேறு வகையானது. உடலை ஊருக்குக் கொண்டுசென்று அடக்கம் செய்கிறோம். இறப்பையும் அங்கேயே பதிவு செய்ய முயல்கிறோம். உயிர் பிரிந்த இடத்தில்தான் பதிவு செய்தல் வேண்டும்; அதற்கு 21 நாள் கெடு. அது போலவே வாரிசுரிமைச் சான்று வேண்டியிருப்பின், இறந்தவர் வழக்கமாகக் குடியிருந்த ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனுச் செய்தல் வேண்டும். அங்கே பெற்ற சான்று நாடெங்கும் செல்லும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் வேறு, நீதிமன்றம் தரும் இச்சான்று வேறு. தில்லியில் முன்னதற்கு ஈடாக, உயிருடன் உள்ள குடும்பத்தினர் சான்றிதழை உட்கோட்ட நீதிபதி அலுவலகத்தில் தருகின்றனர். போட்டியாளர் எவரும் இல்லாத இடத்தில், கணவரே எழுதிக் கொடுத்த குடும்ப விவரப் படிவத்தில் மனைவியின் பெயர் இருப்பின், குடும்ப ஓய்வூதியத்துக்காக நீதிமன்றம் செல்ல வேண்டிய தேவையே இல்லை.

காலந்தாழ்த்தி மனுச் செய்தால் உரிமை போய்விடுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒரு வரலாறு கூறுவோம். தென்மத்திய ரயில்வேயில் தண்டவாளப் பணி செய்த கேங்மேன் ஒருவர் 1969 நவம்பரில் பணியில் இருக்கும்போதே இறந்தார். அவர் மனைவி மஸ்தான் பீ எழுத்தறிவு இல்லாதவர். குடும்ப ஓய்வூதியம் என ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து யாரோ சொல்லக் கேட்டு மனுச் செய்தார். நிர்வாகம் மறுத்தது. உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கேட்ட நாளிலிருந்துதான் தரலாம், பழைய பாக்கி இல்லை என்றது. 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியதோ வேறு. கைம்பெண் கேட்டு வரும் வரை காத்திருப்பது நிர்வாகத்துக்கு அழகன்று. ஊழியர் இறந்தவுடன் கணக்கிட்டு, தேடிச் சென்று கொடுப்பது அதன் கடமை. ஆதலின் 1969-இல் கணவர் இறந்த நாள் தொட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டது. தாமதமாகிவிட்டது என்று கூறித் திருப்பி அனுப்பும் எந்த அலுவலகத்திலும் இத்தீர்ப்பை எடுத்துக்காட்டலாம்.

கணக்கு முடிவதற்கு நாளாகும் என்றால், அதுவரை இடைக்காலக் குடும்ப ஓய்வூதியம் தர அலுவலகத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. அதனை எழுத்தில் கேட்டல் வேண்டும். வாயால் கேட்டது எந்தக் கோப்பிலும் ஏறாது. பிறகும் அசையாவிடில், மத்திய அரசின் ஓய்வூதியக் குறைதீர் இணையதளத்தில் முறையிடலாம். முடிவில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று பெண்கள் தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கென அலுவலகம் இருக்கிறது.

கருணை அடிப்படையில் வேலை என்பதையும் ஓய்வூதியத்தோடு குழப்பிக்கொள்கிறோம். மகனுக்கு வேலை கிடைத்தால் தாயின் ஓய்வூதியம் நிற்காது. வேலையோ, பரம்பரை உரிமையன்று. குடும்பத்தின் வறுமையைப் பார்த்து, காலியிடத்தைப் பார்த்துத் தருவது என்று 1994-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 'வேலை உனக்கு, பென்ஷன் எனக்கு' என்று அண்ணனும் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளும் உடன்படிக்கை எதுவும் அரசைக் கட்டுப்படுத்தாது.

2004 ஜனவரிக்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர் தேசிய ஓய்வூதிய முறையின் கீழ் வருகின்றனர். பணியில் இருக்கையில் இறக்க நேர்ந்தால் குடும்பத்துக்குப் பழைய விதிப்படியான குடும்ப ஓய்வூதியம் வேண்டுமா, சேர்ந்துள்ள நிதியிலிருந்து வரும் பயன் வேண்டுமா என்று விருப்பம் எழுதித் தர அவர்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. அப்படிவத்தை நிரப்பாமலே வைத்திருக்கும் இளைஞர் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக் காலை அலுவலகத்தில் அதனைக் கேட்டு வாங்குவாராக.

தில்லி வீட்டில் இப்போது ஆக வேண்டியது இது. தாயும் தமையனும் ஊருக்கு ரயில் ஏறுமுன், எல்லோரும் ஒரு முறை சேர்ந்து அலுவலகத்துக்குச் செல்லட்டும். மனைவி குடும்ப ஓய்வூதிய மனுவிலும், அவரும் தாயும் வைப்பு நிதிக்கான தாள்களிலும் கையொப்பமிடட்டும். பிள்ளைகளின் பிறந்த தேதிச் சான்றுகளையும் அன்றே கொடுத்துவிடலாம். தாய்க்குப் பின் அவர்களுக்கு வழி வகுப்பது அத்தேதிகளே. கொடுப்பாணை வந்த பின், அந்தப் பெண் தில்லியில் இருந்தாலும் பிள்ளைகளுடன் ஊருக்கே திரும்பினாலும், வங்கிக் கணக்கை மாற்றிக்கொண்டு அங்கேயே பணத்தைப் பெறலாம். ஆண்டுதோறும் நவம்பரில் தாம் உயிரோடு இருப்பதற்கான சான்று ஒன்று கொடுக்க வேண்டும். 2014 முதல் அதனைக் கைரேகை வைத்து எந்த ஊரிலிருந்தும் அனுப்ப வசதி செய்யப்பட்டிருக்கிறது.